சீட்டில் இல்லாத சோதனை

கோவில்பட்டியில் நான் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்திவந்த காலத்தில், 2016, 2017 வாக்கிலிருந்து, தோல் மருத்துவர்கள் எழுதி அனுப்பும் சீட்டுகளில் ஒரே சோதனை திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. எல்.எஃப்.டி. கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. சீட்டைக் கொண்டு வருகிறவர்கள் யாரும் கல்லீரல் நோயாளிகள் இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பாலிடெக்னிக் படிக்கும் பையன்கள். ஊசி குத்தக் கையை நீட்டும்போதே முழங்கையின் உட்புறம் வட்ட வட்டமாகத் தெரியும். படர்தாமரை.

எங்கள் பக்கத்தில் படை என்பார்கள். அது வருவதும் தொடை இடுக்கில், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில், மார்புக்கு அடியில். காட்டுவதற்கு வெட்கப்பட்டு மருந்துக்கடையில் போய் நிற்பார்கள். "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்றால் போதும். அந்த ட்யூபில் பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும்; சிவப்பும் மங்கும். பூஞ்சை மட்டும் அடங்காது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைக் குறைத்துவிடுவதால் ஓரத்தில் இன்னும் விரிந்துகொண்டே போகும். களிம்பை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி அதே ட்யூப். வீட்டில் ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் ஒட்டும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணை போட்டது. எங்கள் ஊர்க் கடைகளில் அதன் பிறகும் கேட்டவுடன் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

பூஞ்சையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் டெர்பினாஃபின் மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டால் போய்விடும் படை, இப்போது போகவில்லை. அந்த மருந்து பூஞ்சையின் உடம்பில் எந்த என்சைமைப் பிடித்து நிறுத்துமோ, அந்த என்சைமின் மரபணுவிலேயே மாற்றம் வந்துவிட்டது. ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த ஓர் இந்தியரிடமிருந்தும் ஒரு நேபாளியிடமிருந்தும் எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. இதனால் தோல் மருத்துவர்களுக்கு மிஞ்சிய பெரிய ஆயுதம் இட்ராகொனசோல் கேப்சூல். அதையும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த மாத்திரைகள் அபூர்வமாகக் கல்லீரலைக் கெடுக்கும். அதற்காகத்தான் எல்.எஃப்.டி. நல்ல மருத்துவர்கள் தவறாமல் எழுதினார்கள். நானும் நூற்றுக்கணக்கில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லாமே இயல்பாகவே வரும்.

தசையைப் பற்றி ஒரு சீட்டிலும் ஒரு வரி இருந்ததில்லை.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், ஊருக்கு வெளியே சின்னதாகக் கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருந்தார். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வந்தது 2020-ல். இது அதற்குக் கொஞ்சம் முந்திய கதை. அந்தப் பட்டறையை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெல்லப்பாகு கொதிக்கிற அடுப்புக்கு அருகே காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்க வேண்டும். பாகு பதம் தப்பக்கூடாது என்று அண்ணன் யாரையும் நம்பி விடமாட்டார். பனியனும் கைலியும் உடம்போடு ஒட்டி நனைந்திருக்கும். அவருக்குப் படை வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வழக்கம்போல ட்யூப், பிறகு வேறொரு ட்யூப், பிறகு டெர்பினாஃபின், கடைசியில் பக்கத்து ஊரில் ஒரு தோல் மருத்துவரிடம் போய் இட்ராகொனசோல் 100 மில்லிகிராம், காலையும் ராத்திரியும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், அப்போதுதான் உடம்பில் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதை அவர் ஒழுங்காகச் செய்தார்.

சில வாரத்தில் படை வாடத் தொடங்கியது. அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் கால் வலி வந்தது.

முதலில் தொடை. பிறகு தோள்பட்டை. மூட்டில் இல்லை, சதையில். "கடுக்குது தாயி, நாள் பூரா களத்துல மூட்டை தூக்குனவன் கணக்கா" என்றார். பாகுக் கொப்பரையை இறக்க ஆள் கூப்பிட்டார். தரையில் உட்கார்ந்து மிட்டாய் எடை போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது பக்கத்தில் அடுக்கியிருந்த கடலைச் சாக்கைப் பிடித்துக்கொண்டார். பஸ் படியில் ஏற முடியாமல் கண்டக்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டதை மதினி வந்து சொன்னார்கள். கைக்கு வலு இருந்தது. விரல் நன்றாக வேலை செய்தது. இடுப்பும் தொடையும் தோளும்தான் விட்டுப்போயின. தசை நோயின் அடையாளமே இதுதான். உடம்பின் நடுப்பக்கத்துப் பெரிய தசைகள் முதலில் சோரும். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவருக்கு உடம்பு வலித்தால் யார் வேறாக நினைப்பார்கள்? வாயு என்றார்கள். தைலம் தேய்த்தார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று ஒரு மாத்திரையும் சேர்ந்தது.

கல்லீரல் சோதனைக்கு நாள் வந்தபோது என்னிடம்தான் வந்தார். எஸ்.ஜி.ஓ.டி. 380-க்கு மேல். எஸ்.ஜி.பி.டி. அதில் பாதிகூட இல்லை. இரண்டும் 40-க்குள் இருக்க வேண்டியவை. முடிவை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனார்கள். கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது, கேப்சூலை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னார். நிறுத்தச் சொன்னது சரியான முடிவு. காரணம்தான் வேறு. வீட்டில் அதைக் காமாலை என்று எடுத்துக்கொண்டார்கள். மதினி வாய்க்கால் ஓரம் போய்க் கீழாநெல்லி பறித்து வந்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். கண்ணில் துளி மஞ்சள் இல்லை. பிலிரூபின் சுத்தமாக இயல்பாக இருந்தது. ஜி.ஜி.டி. என்று ஒரு என்சைம் உண்டு, கல்லீரல் கெட்டால் அநேகமாக அதுவும் ஏறும். அதுவும் இயல்பாகத்தான் இருந்தது.

எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை. எலும்போடு ஒட்டிய தசையிலும் இதயத் தசையிலும் நிறைய இருக்கிறது. தசை நாரிழை உடைந்தால் அதுவும் ரத்தத்தில் கசியும். எஸ்.ஜி.பி.டி.யும் கொஞ்சம் கசியும். ஜி.ஜி.டி. தசையில் இல்லாததால் அது அசையாது. காகிதத்தில் இந்த மூன்று எண்ணும் அடுத்தடுத்து இருக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தால் கேள்வி எழும். 'லிவர்' என்று தலைப்பிட்ட காகிதத்தில் எந்த எண் ஏறினாலும் லிவர் என்றே படிக்கப் பழகியிருக்கிறோம்.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாமலும், அண்ணன் மகன் பிளாஸ்டிக் டப்பாவில் சிறுநீர் கொண்டு வந்தான். பின்னாலேயே ஆட்டோவில் அண்ணன். இறங்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுக்கு கடுங்காப்பி கணக்கா போகுது தாயி" என்றார்.

அந்த டப்பாவை இன்றும் என்னால் கண் முன் நிறுத்த முடிகிறது. அடியில் கறுப்புக் கலந்த பழுப்பு, ஓரத்தில் வெளிச்சம் படும் இடத்தில் செம்மண் நிறம். ஸ்ட்ரிப்பை நனைத்து எடுத்தேன். ரத்தத்துக்கான கட்டம் நொடியில் கரும்பச்சையாகிவிட்டது. மூன்று பிளஸ். சிறுநீரகக் கல்லா, வேறெதுவுமா என்று யாருக்கும் தோன்றும். சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கியதை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணு ஒன்றும் இல்லை. இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ரிப் ரத்தம் என்கிறது, கண்ணுக்கு ரத்தம் இல்லை.

இப்படி நடக்க இரண்டு வழிகள் உண்டு. ரத்த நாளத்துக்குள்ளேயே சிவப்பணு உடைந்து அதன் ஹீமோகுளோபின் சிறுநீரில் வரலாம். அல்லது தசை உடைந்து, தசைக்குள் ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் வரலாம். ஸ்ட்ரிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் இதற்கு ஓர் எளிய வழி சொல்லிக் கொடுத்திருந்தார்: சிறுநீரை மட்டும் பார்க்காதே, அதே ஆளின் ரத்தத்தை எடுத்துச் சுழற்றி சீரத்தின் நிறத்தைப் பார். சிவப்பணு உடைந்திருந்தால் சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும். தசை உடைந்திருந்தால் தெளிவாக இருக்கும், ஏனென்றால் மயோகுளோபின் சின்னப் புரதம், ரத்தத்தில் தங்காமல் சீக்கிரமே சிறுநீரகம் வழியாக இறங்கிவிடும். ஆட்டோவிலேயே அண்ணன் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து வந்து சென்ட்ரிஃப்யூஜில் போட்டேன். குழாயின் மேல்பாதியில் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக நின்றது.

நோய் இன்னதென்று சொல்லும் உரிமை பரிசோதனைக்கூடத்துக்காரிக்குக் கிடையாது. எங்கள் குடும்பம் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரை எழுப்பினேன். பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சி.பி.கே. போடும்மா."

கிரியாட்டின் ஃபாஸ்ஃபோகைனேஸ். தசைக்குள் இருக்கும் என்சைம். எங்கள் ஊர் அளவுக்குச் சிறிய நிலையங்களில் பல, அந்தச் சோதனைக்கான ரீஏஜென்ட் வைத்துக்கொள்வதில்லை. மாதத்தில் யாராவது ஒருவர் கேட்டால் உண்டு. பாட்டிலைத் திறந்தால் தீருவதற்குள் காலாவதியாகிவிடும். அதனால் மதுரைக்கோ நெல்லைக்கோ அனுப்பி, மறுநாள் முடிவு வாங்குவார்கள். என்னிடம் அன்று இருந்தது. சீரத்தை வைத்தேன். மெஷின் எண் காட்டவில்லை. அளவைத் தாண்டிவிட்டது என்று காட்டியது. பத்து மடங்கு சலைனில் கலந்து மறுபடி வைத்தேன். அப்போதும் தாண்டியது. ஐம்பது மடங்கு கலந்த பிறகு எண் வந்தது. பெருக்கிப் பார்த்தால் இருபதாயிரத்தை ஒட்டி. இயல்பாக ஆண்களுக்கு ஏறக்குறைய 200-க்குள் இருக்க வேண்டும். கிரியாட்டினினும் ஏறியிருந்தது. சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால், சி.பி.கே. எண்ணைப் பார்த்ததும் அங்கே முதலில் மாரடைப்போ என்று ஓடினார்கள். ஈ.சி.ஜி.யும் டிரோப்போனினும் அப்படி இல்லை என்று காட்டின. அதன் பிறகு சிகிச்சை நேராக நடந்தது. சிகிச்சை என்றால் பெரும்பாலும் சலைன்தான். பாட்டில் மேல் பாட்டிலாக. உடைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் சிறுநீரகக் குழாய்களில் படிந்து அடைக்காமல் கழுவி வெளியேற்ற வேண்டும். தசையிலிருந்து கொட்டும் பொட்டாசியம் இதயத்தைத் தாக்காமல் கண்காணிக்க வேண்டும். மணிக்கு எவ்வளவு சிறுநீர் இறங்குகிறது என்று மதினி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இந்த நோயின் ஓர் உருவத்தை உலகம் நன்றாகப் பார்த்தது 1941-ல். லண்டனில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது இடிபாடுகளுக்குள் கால் நசுங்கிக் கிடந்தவர்கள், உயிரோடு மீட்கப்பட்ட பிறகு சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். சுவர் விழுந்து நசுக்கிய தசைக்கு ஏற்பட்டது, மாத்திரை சாப்பிட்ட தசைக்கும் ஏற்படும். ராப்டோமயோலிசிஸ் என்பது அதன் பெயர்.

எந்த மாத்திரை? அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர், வீட்டில் இருக்கிற மருந்து அத்தனையும் கொண்டு வரச் சொன்னார். சீட்டைக் கேட்கவில்லை, மருந்தையே கேட்டார். அண்ணன் மகன் ஒரு மஞ்சப்பையை அப்படியே கொண்டு வந்து கட்டிலில் கவிழ்த்தான். சுண்ணாம்பு மாத்திரை, ஆஸ்பிரின், இட்ராகொனசோல் அட்டைகள், அதோடு அடோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவந்த கொழுப்பு மாத்திரை. அந்த மருத்துவர் இரண்டு அட்டைகளை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் தனியாகவே சிலருக்குத் தசை வலி தரும். மிக அபூர்வமாகத் தசையை உடைக்கும். அண்ணன் அதை வருஷக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டவர். அடோர்வாஸ்டாட்டினை உடம்பு கழிப்பது கல்லீரலிலும் குடலிலும் இருக்கிற சி.ஒய்.பி.3ஏ4 என்ற என்சைம் மூலம். இட்ராகொனசோல் அந்த என்சைமைக் கட்டிப்போட்டுவிடும். தினமும் உள்ளே போகிற ஸ்டாட்டின் கழியாமல் ரத்தத்தில் பல மடங்கு ஏறும். சாப்பிட்டது என்னவோ 40 மில்லிகிராம்தான். தசைக்கோ அது அதைவிடப் பெரிய அளவு சாப்பிட்டதற்குச் சமம். இட்ராகொனசோலோடு சேர்த்தால் அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. சிம்வாஸ்டாட்டினும் லோவாஸ்டாட்டினும் சேர்க்கவே கூடாது. இட்ராகொனசோலை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் தொடக்கூடாது. பின்லாந்தில் நியூவோனென் என்ற மருந்தியலாளரும் அவருடைய குழுவும் 1990-களின் நடுவிலேயே ஆரோக்கியமானவர்களுக்கு ஸ்டாட்டினையும் இட்ராகொனசோலையும் சேர்த்துக் கொடுத்து, ரத்தத்தில் ஸ்டாட்டின் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து காட்டிவிட்டார்கள். அண்ணன் படுப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம், எங்கள் ஊர் மஞ்சப்பைக்கு வந்து சேரவில்லை.

பிற்பாடு நான் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. நம் உடம்பு கொலஸ்ட்ராலைச் செய்கிற பாதையும், பூஞ்சை தன் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிராலைச் செய்கிற பாதையும் பெரும்பகுதி தூரம் ஒன்றுதான். அந்தப் பாதையின் தொடக்கத்தில் ஒரு படியை நிறுத்துவது ஸ்டாட்டின். நடுவில் ஒரு படியை நிறுத்துவது டெர்பினாஃபின். அடுத்த படி ஒன்றை நிறுத்துவது இட்ராகொனசோல். ஸ்டாட்டினே பூஞ்சையிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் ஒரு பெனிசிலியத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். இட்ராகொனசோல் பூஞ்சையில் பிடிக்கிற என்சைமும் மனிதக் கல்லீரலில் கட்டிப்போடுகிற என்சைமும் ஒரே பெருங்குடும்பம், சைட்டோகுரோம் பி450. மருந்து பூஞ்சையைத்தான் குறி வைக்கிறது. உறவுமுறை நெருக்கமாக இருப்பதால் நம் என்சைமும் அகப்பட்டுக்கொள்கிறது.

தோல் மருத்துவரைக் குறை சொல்லி மதினி அழுதார்கள். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா" என்று அவர் கேட்டாராம். இரண்டும் இல்லை என்று அண்ணன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்ற கேள்வி வரவில்லை. அறைக்கு வெளியே அறுபது பேர் வரிசையில் நின்றால் கேள்விகள் சுருங்கிவிடும். நெஞ்சுக்குச் சாப்பிடுகிற மாத்திரையைத் தொடை அரிப்பு பார்க்கிற மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை. "அது மருந்துங்கற நெனப்பே எனக்கு இல்லையே தாயி. தெனம் போடுறது." வருஷக்கணக்காக விழுங்குகிற எதுவும் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

அண்ணன் பிழைத்தார். டயாலிசிஸ் வரை போகவில்லை. இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திய பிறகு சி.பி.கே. நாளுக்கு நாள் இறங்கியது. சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்தது. தொடையில் வலு திரும்பத்தான் நாளாயிற்று. ஸ்டென்ட் வைத்தவரை ஸ்டாட்டின் இல்லாமல் விடக்கூடாது என்று இதய மருத்துவர் உறுதியாக இருந்தார். தசை தேறியதும், அந்த என்சைமை அவ்வளவாக நம்பியிராத ரோசுவாஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கி, சி.பி.கே. பார்த்துப் பார்த்துக் கூட்டினார். படைக்கு வேறொரு தோல் மருத்துவர் ஸ்டீராய்டு இல்லாத களிம்பு மட்டும் கொடுத்து, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தார். துண்டு தனி, துவைக்கிற வாளி தனி, வெயிலில் காய்ந்த துணி மட்டும். மெதுவாகத்தான் போனது. போனது.

அதற்குப் பிறகு என் கண் வேறு விதமாகப் பழகிவிட்டது. கால் நகச் சொத்தைக்கு டெர்பினாஃபின் சாப்பிட்டுவந்த ஒரு பள்ளி ஆசிரியை, எல்.எஃப்.டி.க்கு வந்தபோது மாடிப்படி ஏற முடியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவர் கொழுப்பு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. அவருடைய மருத்துவரிடம் போனில் சொன்னேன், சி.பி.கே. சேர்த்துப் போடச் சொன்னார். ஆயிரத்துக்குப் பக்கம். மாத்திரையை நிறுத்தியதும் சில வாரத்தில் இயல்புக்கு வந்துவிட்டது. டெர்பினாஃபின் தனியாகவே சி.பி.கே.யை ஏற்றலாம், அபூர்வமாகத் தசையையும் உடைக்கலாம் என்று அதன் மருந்துக் குறிப்பில் இருக்கிறது. சந்தைக்கு வந்த பிறகு வந்த புகார்களை வைத்துச் சேர்த்த வரி அது. இன்னொரு முறை இட்ராகொனசோல் சாப்பிட்ட வயதான அம்மா ஒருவர், கால் வீக்கத்தோடும் பெரும் சோர்வோடும் வந்தார். சி.பி.கே. நன்றாக இருந்தது. பொட்டாசியம் மூன்றுக்கும் கீழே. இட்ராகொனசோல் சிலருக்கு அட்ரினல் சுரப்பியின் வேலையில் புகுந்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் விரயமாக்கி, ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அப்போதும் தசை சோரும், ஆனால் பெரும்பாலும் உடையாது. வழி வேறு, நோயாளி சொல்வது ஒன்றுதான்: கால் சொன்னபடி கேட்கவில்லை.

எல்லாவற்றையும் மாத்திரை தலையில் போடவும் கூடாது. டெர்பினாஃபின் சாப்பிட்ட ஒரு பையனுக்கு சி.பி.கே. சில ஆயிரம் வந்து வீடே கலங்கிப்போனது. விசாரித்தால் முந்தின நாள்தான் ஜிம்மில் சேர்ந்து, ஒரேயடியாகத் தொடைப் பயிற்சி எடுத்திருக்கிறான். பயிற்சியை நிறுத்தி ஒரு வாரம் கழித்து எடுத்ததில் இயல்பாகிவிட்டது. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டு முடித்தான். சி.பி.கே. எடுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசையில் போடும் ஊசியும் வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். தைராய்டு குறைவாக இருந்தாலும் அது ஏறும்.

இந்த மருந்துகளைக் கண்டு பயப்படுங்கள் என்று நான் எழுதவில்லை. படர்தாமரை மூன்று தலைமுறைக்கும் ஒட்டி, கல்யாணம் நின்றுபோன பெண்ணை, வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள் ஒடுங்கிய பையனை என் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த மாத்திரைகள் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தன. நான் ரத்தம் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தசையில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. அபூர்வம் என்பது உண்மை. ஆனால் அபூர்வமானது வந்து நிற்கும்போது அடையாளம் கண்டுகொள்வதற்கு வேண்டியவை எல்லாம் நம் ஊரிலேயே இருக்கின்றன: ஒரு ஸ்ட்ரிப், ஒரு மைக்ராஸ்கோப், சில நூறு ரூபாய்க்குள் முடிகிற ஒரு சோதனை. பூஞ்சை மாத்திரை சாப்பிடுகிறவரின் எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் தனியாக ஏறியிருந்தால், கூடவே தொடையும் தோளும் கடுத்தால், "சி.பி.கே. பார்க்கலாமா டாக்டர்" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சிறுநீர் பழுப்பாக இறங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், எந்த உறுப்புக்காகப் போனாலும், வீட்டிலிருக்கிற மாத்திரை அத்தனையையும் பையோடு எடுத்துப் போய் மேசையில் வையுங்கள்.

அண்ணன் விஷயத்தில் அந்த இளம் மருத்துவர் கடைசியாக ஒரு வேலை செய்தார். பக்கவிளைவுப் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்பினார். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-லிருந்து நடக்கிறது; நாடு முழுவதும் வரும் புகார்கள் காசியாபாத்தில் இருக்கும் மையத்துக்குப் போய்ச் சேர்கின்றன. மருத்துவர்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, சாப்பிட்டவரே அனுப்பலாம். வேலை நாட்களில் 1800-180-3024 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் பேசலாம். நோயாளிகள் நிரப்புவதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது.